தம்யீஸ் பருவம்: ஆறு முதல் ஒன்பது வயது வரை நம் பிள்ளைகளின் மனம்

ஆண்பிள்ளை எதுவரை தாயின் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்று பேசும் இடத்தில், நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில் இமாம் மர்கீனானி (ரஹ்) ஓர் அளவுகோலைத் தருகிறார். பிள்ளை தானே சாப்பிட வேண்டும், தானே குடிக்க வேண்டும், தானே உடுத்த வேண்டும், தானே கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இந்த நான்கும் வருவது ஏறக்குறைய ஏழு வயதில் என்று இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) கணக்கிட்டார்கள். நல்லது கெட்டதை ஓரளவு பிரித்தறியத் தொடங்கும் இந்தப் பருவத்துக்கு ஃபிக்ஹில் தம்யீஸ் என்று பெயர். தொழுகையை ஏவச் சொல்லப்பட்ட வயதும் ஏழுதான்.

தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்ததும் பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்துவிடுகிறது. ஆக ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான காலமும், மக்தபில் அலிஃப் பா தொடங்கி அம்ம ஜுஸ்உவைக் கடக்கும் காலமும் இந்தத் தம்யீஸ் பருவத்தைச் சுற்றியே வருகின்றன. பிள்ளை எந்தப் பாடத்தில் இருக்கிறது, எத்தனை சூரா மனனம் என்று கேட்காத பெற்றோர் குறைவு. அதே பிள்ளை கோபத்தை எப்படிக் கையாள்கிறது, தோற்றால் என்ன செய்கிறது, பயந்தால் யாரிடம் போகிறது என்பதைக் கேட்பவர்களும் குறைவு. இக்கட்டுரையில் நாம் பேசப் போவது அந்த இரண்டாவது வகைக் கேள்விகளைப் பற்றி. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி, பெரியகுளம் வட்டாரத்துக் குடும்பங்களின் நடைமுறையை மனதில் வைத்தே பேசுகிறோம்.

உணர்வுக்குப் பெயர் வைத்தல்

ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்குச் சந்தோஷம், கோபம், அழுகை, பயம் என்று நான்கைந்து உணர்வுகள்தான் பிடிபடும். அதுவும் வெளியே நடந்த ஒன்றோடு சேர்த்துத்தான். பொம்மை உடைந்தது, அழுகை வந்தது. அவ்வளவுதான் கணக்கு. ஏழு எட்டு வயதில் மூன்று மாற்றங்கள் வருகின்றன. உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்ட முடியும் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு உணர்வுகள் இருக்கலாம் என்பது மெல்லப் புரிகிறது. பெருநாளைக்கு அத்தா வருகிறார் என்ற சந்தோஷமும், மூன்றாம் நாள் திரும்பிப் போய்விடுவார் என்ற ஏக்கமும் ஒன்றாக வரும். மூன்றாவதாக வெட்கமும் குற்ற உணர்ச்சியும் பெருமையும் முழுமையாக முளைக்கின்றன. இவை மற்றவர் கண்ணால் தன்னைப் பார்க்கத் தெரிந்தால்தான் வரும் உணர்வுகள்.

இதில் பெற்றோர் ஏமாறும் இடம் முதலாவது. "எட்டு வயசாச்சு, இப்பல்லாம் அழறதே இல்ல, பக்குவம் வந்துருச்சு" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். பக்குவமாகவும் இருக்கலாம். மறைக்கக் கற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆண்பிள்ளை என்றால் இரண்டாவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே" என்று அவனிடம் வீடே சொல்லியிருக்கும்.

உம்மு சுலைம் (ரலி) அவர்களின் வீட்டில் அபூ உமைர் என்றொரு சிறுவர், அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பி. அவர் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பறவை செத்துப்போனது. சிறுவர் சோகமாக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரைக் குன்யத்துப் பெயரிட்டுப் பெரிய மனிதரை அழைப்பதுபோல் அழைத்து, அந்தப் பறவைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்தச் சம்பவத்தை மட்டும் வைத்து, இப்னுல் காஸ் (ரஹ்) என்ற ஷாஃபிஈ அறிஞர் அறுபது பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். இன்றைய குழந்தை உளவியலாளர்கள் பெற்றோருக்குச் சொல்வதும் இதுவே. பிள்ளையின் துக்கத்தை உடனே மாற்றப் பார்க்காதீர்கள், முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள். நாமோ "விடு, வேற குருவி வாங்கித் தர்றேன்" என்று முடித்துவிடுகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்து வார்த்தை கொடுப்பது. "தம்பிக்குப் புதுச் சட்டை எடுத்ததுல உனக்குப் பொறாமையா இருக்கா?" "ஹஜ்ரத் எல்லார் முன்னாடியும் சொன்னது அவமானமா இருந்துச்சா?" பொறாமை, அவமானம், ஏக்கம், எரிச்சல், ஏமாற்றம் ஆகிய சொற்கள் கைவசம் இருக்கும் பிள்ளை, கல்லை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கும். பிள்ளைகளுக்கிடையில் பாகுபாடு காட்டுவது பற்றி நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை கொடுக்க நினைத்த அன்பளிப்பு ஹதீஸ் நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுப்பதற்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏழு வயதில் பிள்ளை கணக்குப் பார்க்கும். யாருக்கு எத்தனை கறித்துண்டு விழுந்தது என்பது வரைக்கும் பார்க்கும்.

யானை வந்த வாரம்

2023ஆம் ஆண்டு மே 27 அன்று கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் யானை வந்தது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டிருந்த அந்த யானை, மலையிறங்கி ஊருக்குள் தெருத் தெருவாக ஓடியதை நாடே கைப்பேசியில் பார்த்தது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. காயம்பட்ட ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். ஜூன் 5 அதிகாலையில் யானையைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை நம் பிள்ளைகளுக்குப் பேச்செல்லாம் அதுதான்.

அந்த நாட்களில் பயத்தின் வயதுக் கணக்கை நாம் கண்ணாரக் கண்டோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு யானையும் பேயும் ஒன்றுதான், அம்மா மடியில் இருந்தால் போதும். ஏழெட்டு வயதில் பயம் நிஜத்துக்கு இடம் மாறுகிறது. திருடன், விபத்து, பெற்றோர் இறந்துபோவது, மறுபடியும் நடப்பது. "யானை நம்ம தெருவுக்கு வருமா?" என்று சிறியது கேட்கும். "அத்தா கூடலூர்ல இருந்து வண்டியில வர்றாங்களே, வழியில நின்னா?" என்று பெரியது கேட்கும், அல்லது கேட்காமல் படுத்துக்கொண்டே விழித்திருக்கும். யானை பிடிபட்ட பிறகும் தெருவில் பிள்ளைகள் யானை விளையாட்டு விளையாடினார்கள். ஒருவன் யானை, இருவர் வனத்துறை, மீதிப் பேர் ஓட வேண்டும். சில பெரியவர்கள் அதட்டி நிறுத்தினார்கள். நிறுத்த வேண்டியதில்லை. பயந்த ஒன்றைத் தன் கைக்குள் கொண்டுவந்து, தானே தொடங்கித் தானே முடிக்கும் வழி அது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி, முடிவே இல்லாமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளையாடினால் மட்டும் கவனிக்க வேண்டும்.

மஃக்ரிப் முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகளோடு தாய்மார்கள் நிற்பது நம் பக்கத்தில் எல்லாச் சமூகத்தாருக்கும் பழக்கம். பிள்ளை பயந்துவிட்டது, ராத்திரி அலறுகிறது, ஓதி ஊதுங்கள் என்பார்கள். ஓதுவது நல்லதுதான், நாமும் ஓதுகிறோம். ஆனால் அந்த அரை நிமிடத்தில் தாயிடம் பேசிவிட்டுப் பிள்ளையிடம் பேசாமல் அனுப்பிவிடுகிறோம். குனிந்து, அதன் உயரத்துக்கு வந்து, "என்னத்தைப் பாத்த?" என்று கேட்டால் பதில் வருகிறது. நாய் துரத்தியது, வீட்டில் சண்டை நடந்தது, டியூஷனில் அடித்தார்கள், கைப்பேசியில் ஏதோ பார்த்தேன். யானை என்று தாய் சொல்லியிருப்பார், பிள்ளை சொல்வது வேறாக இருக்கும். ஓதி ஊதும் இமாம்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். இந்த ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் பலன் பெரிது.

விடியுமுன் போகும் ஜீப்

நம் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு விஷயம் ஏலத்தோட்ட வேலை. கூடலூர், கம்பம், போடி பகுதிகளில் இருட்டோடு ஜீப்புகள் கிளம்பி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போகின்றன. வண்டியில் பெரும்பாலும் பெண்கள். நம் வீட்டுப் பெண்களிலும் சிலர் உண்டு. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆண்கள் வியாபாரத்துக்கு மலையாளக் கரைக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பார்கள். பிள்ளையை எழுப்பி, தலைசீவி, பள்ளிக்கு அனுப்புவது நன்னியின் பொறுப்பு. நன்னி இல்லாத வீட்டில் பத்து வயது அக்காவின் பொறுப்பு.

இதற்காக அந்தத் தாய்மாரைக் குறை சொல்வது அநியாயம். வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை மனத்தளவில் கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிள்ளைக்கு வேண்டியது நாள் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருப்பதல்ல. யார் எப்போது போவார், எப்போது வருவார், இடையில் தன்னைப் பார்ப்பது யார் என்ற நிச்சயம். தூங்கும்போதே நழுவிப் போவதைவிட, முந்தின இரவே "நாளைக்கு வேலை இருக்கு, நீ எந்திரிக்கறப்ப நன்னி இருப்பாங்க, சாயங்காலம் விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. திரும்பி வந்த முதல் பத்து நிமிடம் அடுப்புக்குப் போகாமல் பிள்ளையோடு உட்கார்வது அதைவிட நல்லது. அசதியோடு வரும் தாய்க்கு இது எளிதல்ல என்று நமக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடம் அடுப்பைப் பார்க்கக்கூடிய ஆண் வீட்டில் இருந்தால் அவர் பார்க்கட்டும்.

வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது எல்லா வீட்டிலும் உண்டு. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது தாயார், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று சொன்னார்கள். அபூதாவூதில் உள்ளது. ஐந்து வயதுப் பிள்ளை மறந்துவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை மறக்காது, மறந்த மாதிரி இருக்கும்.

காலை உணவுத் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட திட்டம் இது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. பசியோடு வந்த பிள்ளை பத்து மணிக்குள் யாரையாவது அடித்துவிடும் அல்லது தூங்கிவிடும். இரண்டுக்கும் திட்டு வாங்கும். நம்மவர்களில் சிலர் கௌரவம் பார்த்து, அங்கே சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வகுப்பே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஓரமாக நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கௌரவம் என்னவென்றே புரியாது.

கோலிக்குண்டும் நிய்யத்தும்

ஜீன் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் ஜெனீவாவில் கோலி விளையாடும் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, விதியை யார் போட்டது, மாற்றலாமா என்றெல்லாம் கேட்டு 1932இல் ஒரு புத்தகம் எழுதினார். சிறியவர்களுக்கு விதி என்பது மேலிருந்து வந்தது, தொடக்கூடாது. வயது ஏற ஏற, எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பது புரிகிறது. அதே நூலில் இன்னொன்றும் உண்டு. ஒரு பையன் தெரியாமல் கதவைத் தள்ளி, பின்னால் இருந்த பதினைந்து கோப்பைகளை உடைத்துவிட்டான். இன்னொருவன் திருட்டுத்தனமாக இனிப்பு எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்தான். யார் பெரிய தப்பு செய்தான்? சிறு பிள்ளைகளில் பலர் பதினைந்து உடைத்தவன் என்றார்கள். பெரிய பிள்ளைகள் நோக்கத்தைப் பார்த்தார்கள். நோக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் சிறியவர்களும் புரிந்துகொள்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே என்பது நம் பிள்ளைகள் முதலில் மனனம் செய்யும் ஹதீஸ்களில் ஒன்று. அதை மனனம் செய்த பிள்ளை, தண்ணீர்ச் சொம்பைத் தெரியாமல் கவிழ்த்ததற்கு அன்று மாலையே அடி வாங்கினால் எதைக் கற்றுக்கொள்ளும்? சொம்பு விழுந்ததும் "வேணும்னு செஞ்சியா, கை தவறிருச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே நிய்யத்துப் பாடம் வீட்டில் நடந்துவிடுகிறது.

ஆகவே விளையாட்டு வீண் அல்ல. கண்ணாமூச்சி, பாண்டி, பம்பரம், தெருக் கிரிக்கெட் எல்லாவற்றிலும் அரைமணி நேர ஆட்டத்தில் கால்மணி நேரம் சண்டைதான். அந்தச் சண்டைதான் பாடம். முறை வரும்வரை பொறுப்பது, அவுட் என்றால் ஒத்துக்கொள்வது, கோபித்துக்கொண்டு போனவன் திரும்பி வர வழி விடுவது. பெரியவர் உடனே புகுந்து தீர்ப்புச் சொன்னால் பாடம் கலைந்துவிடும். கல், கம்பு, கெட்ட வார்த்தை, ஒருவனைப் பலர் சேர்ந்து ஒதுக்குவது ஆகியவை வந்தால் மட்டும் புகுந்தால் போதும். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும், இல்லாவிட்டால் அதன் உள்ளம் செத்து அறிவு மழுங்கிவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் சொல்லியிருக்கிறார்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதத்துக்கும் மேல். திரும்பி வந்த பிள்ளைகள் எழுத்தை மட்டும் மறந்திருக்கவில்லை. வரிசையில் நிற்கவும், பென்சிலைக் கேட்டு வாங்கவும் தெரியாமல் இருந்தார்கள் என்று ஆசிரியர்கள் பலரும் சொன்னார்கள். எழுத்தைப் பிடிக்க டியூஷன் வைத்தோம். மற்றதற்கு எதுவும் வைக்கவில்லை.

நட்பும் இந்த வயதில் மாறுகிறது. ஆறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்தவன் நண்பன், நாளை வேறொருவன். எட்டு ஒன்பதில் ரகசியம் காப்பவன், தன் பக்கம் நிற்பவன் நண்பன். பிரிவு வந்தால் வலிக்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் அந்த நண்பன் எந்தச் சமூகத்துப் பிள்ளையாகவும் இருப்பான். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு நோன்புக் கஞ்சி கொடுங்கள்.

மக்தபும் பிரம்பும்

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் பெரும் போராட்டம் "என்னால முடியும்" என்பதற்கும் "நான் எதுக்கும் ஆகாதவன்" என்பதற்கும் நடுவில் நடக்கிறது என்று எரிக் எரிக்சன் எழுதினார். ஏழெட்டு வயதில்தான் பிள்ளை தன்னை மற்றவரோடு ஒப்பிடத் தொடங்குகிறது என்பதால் இது பொருந்திப் போகிறது. அதுவரை தான் ஓடினால் தான்தான் முதல். இப்போது கடைசி என்று ஒரு இடம் இருப்பது தெரிகிறது. அந்தக் கடைசி இடத்தை மக்தபில் நாம்தான் ஒதுக்கிக் கொடுக்கிறோம். சபக் சரியாகச் சொன்னவன் முன்னால், சொல்லாதவன் பின்னால், காதைப் பிடித்து நிற்க வேண்டும்.

பிரம்பைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. உஸ்தாதின் அடி பட்ட இடம் நரகம் தீண்டாது என்பது போன்ற பேச்சுகள். இதற்கு ஹதீஸில் இடமில்லை. அபூதாவூதில் வரும் தொழுகை பற்றிய ஹதீஸைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். அதில் ஏழு வயதில் ஏவுவதற்கும், பத்து வயதில் கண்டிப்பதற்கும் இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. நாளைக்கு ஐந்து வேளை என்றால் 5,000 தடவைக்கும் மேல் அன்பாகச் சொல்லிக்கொடுக்க அவகாசம். அதற்குப் பிறகு வரும் அடியையும் நம் ஹனஃபி நூலான துர்ருல் முக்தார், கையால்தான், கம்பால் அல்ல என்று கட்டுப்படுத்துகிறது. மூன்றுக்கு மேல் கூடாது என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) சேர்த்தெழுதினார்கள். அப்படியிருக்க, ஏழு வயதுகூட நிறையாத பிள்ளையை, தொழுகைக்காகக்கூட அல்ல, ஒரு எழுத்தின் உச்சரிப்புக்காக, பிரம்பால் அடிப்பதற்கு எந்தக் கிதாபில் அனுமதி இருக்கிறது?

அடியால் பிள்ளையின் குணம் என்ன ஆகும் என்பதை இப்னு கல்தூன் (ரஹ்) முகத்திமாவில் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார்கள். கடுமையால் வளர்க்கப்படும் மாணவனின் உள்ளம் சுருங்கிவிடும், உற்சாகம் போய்விடும், அடிக்குப் பயந்து உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கப் பழகுவான், பொய்யும் தந்திரமும் அவன் இயல்பாகிவிடும் என்பது அதன் சாரம். உணர்வை மறைக்கக் கற்றுக்கொள்ளும் வயது இதுதான் என்று மேலே சொன்னோம். மறைக்கும் திறமையை மக்தபே பயிற்சி கொடுத்து வளர்த்தால், வளர்ந்த பிறகு "பையன் எங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறான்" என்று கவலைப்பட்டுப் பயனில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிகளில் உடல் ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களுக்கும் வேதபாடசாலைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்றது. இதைக் காட்டி நமக்கு விலக்கு இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அந்த விலக்கு மதக் கல்வியைக் காப்பதற்காகக் கேட்டு வாங்கப்பட்டது. பிரம்பைக் காப்பதற்காக அல்ல. தவிரவும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒரு பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதைத் தாக்கியோ கொடுமைப்படுத்தியோ தேவையற்ற துன்பம் கொடுத்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதில் மதரஸாவுக்கு விலக்கு இல்லை.

உஸ்தாதின் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே அறையில் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை நாற்பது பிள்ளைகள், ஒரே ஆலிம், குறைந்த சம்பளம், ஒரு மணி நேரம். பிரம்பு இல்லாமல் எப்படி அடக்குவது என்று அவர் கேட்பதற்கு ஜமாஅத்துதான் பதில் சொல்ல வேண்டும். வயதுவாரியாக இரண்டு நேரமாகப் பிரிக்கலாம். நன்றாக ஓதும் பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களோடு ஜோடி சேர்க்கலாம். பெண்பிள்ளைகளுக்கு ஆலிமாவை நியமிக்கலாம். பிள்ளை பிழையாக ஓதினால் அதை எல்லார் முன்னாலும் சொல்லாமல் பக்கத்தில் கூப்பிட்டுத் திருத்தலாம். இதற்குச் செலவு கிடையாது. பள்ளிவாசலுக்குப் புது மினாரா எழுப்பும் ஜமாஅத், இரண்டாவது உஸ்தாதின் சம்பளத்தைப் பாரம் என்று சொன்னால் நம்புவது கடினம்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஃபஜ்ருக்குப் பின் மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலை டியூஷன், இரவு பத்தரை வரை கைப்பேசி என்றால் கணக்கு எங்கே சேரும்? அடங்காத பிள்ளை என்று நம்மிடம் கொண்டுவரப்படும் பிள்ளைகளில் பலருக்குத் தூக்கம் போதவில்லை. ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரைக்குப் படுக்க வேண்டும். இஷா முடிந்ததும் வீட்டில் டிவியும் கைப்பேசியும் அணைய வேண்டும். பெரியவர்களுடையதும்தான்.

ஜமாஅத்தில் வந்து நிற்கும் பிள்ளை

தலாக், குலா வழக்குகள் ஜமாஅத்துக்கு வரும்போது பிள்ளையைக் கூட்டி வந்து நடுவில் நிறுத்தி, அத்தாகிட்டப் போறியா, அம்மாகிட்டப் போறியா என்று கேட்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் தம்யீஸ் அடைந்த பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவருக்கு அப்படி விருப்பம் கொடுத்த ஹதீஸ் அதற்கு ஆதாரம். நம் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையான ஹனஃபிகளிடம் அந்த வயதில் பிள்ளைக்குத் தேர்வு இல்லை, பராமரிப்பு வயதைக் கொண்டே முடிவாகும். மத்ஹபு எதுவானாலும், இருபது ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏழு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்பது கேள்வியே அல்ல, தண்டனை. குற்ற உணர்ச்சி புதிதாக முளைத்திருக்கும் வயது. பெற்றோர் பிரிந்ததற்குத் தான்தான் காரணம் என்று இந்த வயதுப் பிள்ளைகள் எளிதில் நினைத்துக்கொள்வார்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் பிள்ளைக்குப் பழக்கமான ஒரு பெண் தனியறையில், வேறு பேச்சுகளுக்கு நடுவில் கேட்கட்டும். பிரிந்தது பெரியவர்களின் விஷயம், உன்னால் அல்ல என்று தாயும் தகப்பனும் தனித்தனியாகவாவது சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது.

எப்போது மருத்துவரிடம்

படுக்கையில் சிறுநீர் போவதைப் பற்றித்தான் நம்மிடம் அதிகம் கேட்கிறார்கள். ஏழு வயதிலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். திட்டினாலும், ஈரப் பாயைத் தெரு பார்க்கக் காயவைத்தாலும் கூடத்தான் செய்யும். நின்றுபோயிருந்தது திடீரென மறுபடி தொடங்கினால் காட்ட வேண்டும்.

பள்ளிக்கோ மக்தபுக்கோ போகும் நேரத்தில் மட்டும் தினமும் வயிற்றுவலி, தலைவலி வந்தால் அது நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வலி நிஜமாகவே இருக்கும், காரணம் அங்கே ஏதோ நடப்பதாக இருக்கலாம். யாரோ ஒரு குறிப்பிட்ட பெரியவரைக் கண்டால் ஒளிவது, தன் உடலைத் தொடவிடாமல் திடீரென மிரள்வது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு வருவது ஆகியவற்றைக் குடும்ப கௌரவத்துக்காக மூடக்கூடாது. சந்தேகப்படும் நபர் உறவினரோ, ஆசிரியரோ, மார்க்கம் கற்றவரோ யாரானாலும் சரி. இந்த இடத்தில் ஜமாஅத்தில் பேசிச் சமாதானம் செய்துவைக்க ஷரீஅத்திலும் இடமில்லை, போக்சோ சட்டத்திலும் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளை, அரபியும் தமிழும் இரண்டுமே பிடிபடாத பிள்ளை, பெரும்பாலும் குறும்புக்காரன் என்றே பெயர் வாங்கியிருக்கும். படிக்கத் தெரியவில்லை என்ற பெயரைவிட அடங்காதவன் என்ற பெயர் அதற்குப் பரவாயில்லை. கண், காது சோதித்து, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வரும்போது ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையைக் காட்டலாம். ஒன்பது வயதாகியும் ஒரு நண்பன்கூட இல்லாதிருப்பது, பிராணிகளை வதைப்பது, செத்துப்போகிறேன் என்று சொல்வது, வாரக்கணக்கில் விளையாட்டிலேயே ஆர்வம் இல்லாதிருப்பது ஆகியவையும் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்கு முதலில் போனால், தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கு அவர்களே அனுப்புவார்கள். அவ்வளவு தூரம் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பள்ளி சம்பந்தமான புகாருக்கும் ஆலோசனைக்கும் பள்ளிக் கல்வித்துறையின் 14417. போகும்போது பிள்ளையிடம் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். கடைக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப்போனால் மருத்துவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அது வாயைத் திறக்காது.